எண்பத்தெட்டுக்குக் கீழே

அதுவா மேடம்? பாம்பு கீம்பு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரருதான். பின்னாடி ரூம்ல எக்சசைஸ் பண்ணிக்கினு இருக்காரு. தொம்முனு கேக்குது பாருங்க, அது படி மாதிரி போட்ட கல்லு மேல ஏறி எறங்குறது. அப்புறம் உஸ்ஸுனு இழுக்குதே, அது மூச்சு. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, உதட்டக் குவிச்சி, மெழுகுவத்தி அணையாம ஆடுற மாதிரி ஊதணும்னு. ஆஸ்பத்திரியில பத்து பேரு சேந்து ஊதும்போது ஒண்ணும் தெரியல. இங்க இருட்டுனப்புறம் கேட்டா, செவுத்துக்கு அந்தாண்ட யாரோ நின்னு கூப்புடுற மாதிரியே இருக்கும். பக்கத்து வீட்டு வேணி மொத நாளு சாரைப் பாம்புன்னு கட்டையோட ஓடியாந்துட்டா.

உக்காருங்க மேடம். அந்தச் சேரு வேணாம், அதுக்குக் காலு சரியில்ல. விழுப்புரத்துலேர்ந்து இந்நேரத்துக்கு ஸ்கூட்டியில தனியாவா வந்தீங்க? திண்டிவனம் தாண்டுனா இந்தக் கல்லு ஒடைக்கிற கிரஷர் ரோட்டுல ஒரு லைட்டு கெடையாது, லாரிக்காரன் வேற கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவான். போன் பண்ணியிருந்தா நானே பாப்பாவத் தூக்கிக்கினு வந்திருப்பேனே.

இல்ல இல்ல, இப்பக் கூப்புடாதீங்க. பாதியில நிறுத்துனா கோவம் வரும் அவருக்கு. டீ குடிங்க மொதல்ல. சக்கரை போட்டுக்குவீங்களா?

நோட்டா? இதோ இருக்குது. அட்டையெல்லாம் போட்டு வச்சிருக்கேன். சிஸ்டருங்க ஸ்கூல்ல படிச்சதுல அது ஒண்ணு ஒட்டிக்கிச்சி, அட்டை இல்லாத நோட்டுல எழுதக் கை வராது. நீங்ககூட மொத நாளு சொன்னீங்க, கான்வென்ட் பொண்ணுதான, நீயே எழுது அன்புச்செல்வி, உன் வீட்டுக்காரரு எழுத வேணாம், அவரு எல்லாத்தையும் நல்லாருக்குன்னுதான் எழுதுவாருன்னு. சிரிச்சோம் அன்னைக்கு.

வாராவாரம் பக்கத்த போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிச்சிக்கினுதான இருக்கேன். தேதி, எத்தினி நிமிஷம் நடந்தாரு, எத்தினி தடவ கல்லு ஏறுனாரு, மூச்சு வாங்குறது பத்துக்கு எவ்ளோ, வெரல்ல கிளிப்பு மாட்டுனா ஆக்ஸிஜன் எவ்ளோ. ஒரு நாளு விடல.

ஆமா மேடம், நல்ல நம்பருதான். தொண்ணூத்தாறு. தொண்ணூத்தேழு.

கல்லு ஏறி எறங்குனப்புறமும் தொண்ணூத்தேழா இருக்குதேன்னு கேக்குறீங்க. அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்களா? நெனச்சேன்.

ஒங்களுக்கு நல்ல ஞாபகம் மேடம். மொத நாளு அந்த வராண்டாவுல ரெண்டு நாற்காலி போட்டு, இதுலேர்ந்து அதுக்கு ஆறு நிமிஷம் நடங்க சகாயராஜ்னு சொன்னீங்க. முப்பத்தஞ்சு வயசு ஆம்பள. பன்னெண்டு வருசம் கல்லுல மெஷின் போட்டு ஓட்ட போட்டவரு, சிமெண்ட் மூட்டைய ஒத்த ஆளா எறக்குனவரு. மூணாவது நிமிஷத்துல செவுத்தப் புடிச்சிக்கினாரு. பக்கத்துல எழுவது வயசுப் பீடித் தாத்தா ஒருத்தரு அவரத் தாண்டிக்கினு போய்ட்டு, தம்பி, ஹாரன் அடிச்சிட்டு வழி வுடுப்பான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சாரு. பஸ்ல வரும்போது செஞ்சி ரோடு வரைக்கும் சன்னல் கம்பியப் புடிச்சிக்கினு வெளியவே பாத்துக்கினு வந்தாரு.

அன்னைக்கு எண்பத்தேழு காட்டுச்சி. நீங்க சொன்னீங்க, எண்பத்தெட்டுக்குக் கீழ போனா ஒடனே நிறுத்தி உக்கார வைக்கணும், அடிக்கடி போச்சின்னா எக்சசைஸ் பண்ணும்போது ஆக்ஸிஜன் வைக்கணும், வீட்டுக்கே காத்து மிஷின் குடுப்போம்னு. நல்ல விதமாத்தான் சொன்னீங்க. எனக்கு அதுக்கப்புறம் நீங்க சொன்னது ஒண்ணும் காதுல ஏறல.

ஏன்னா கேக்குறீங்க? நீங்க வரும்போது பாத்திருப்பீங்களே, முருங்க மரம் நிக்கிற வீடு. கோவிந்தம்மா வீடு. அவங்க வீட்டுக்காரரு பெரியசாமியும் இதே கிரஷர்தான், இதே தூசிதான். போன வருசம் காத்து மிஷின் வந்து எறங்குச்சி. நாப்பதாவது நாளு சாவு மோளம். அதுக்கு முன்னாடி புகழேந்தின்னு ஒருத்தரு, அவருக்கு மிஷின் வந்து மூணு மாசம். எங்க காலனியில மிஷின் வருதுன்னா மருந்து வருதுன்னு யாரும் நெனைக்க மாட்டாங்க மேடம். பந்தலுக்குச் சொல்லிட்டாங்கன்னு நெனைப்பாங்க. இன்னும் அந்த மிஷினு கோவிந்தம்மா வீட்டுலதான் கெடக்குது. பழைய பொடவயப் போத்தி வச்சிருக்காங்க. புள்ளத்தாச்சிங்க அந்தப் பக்கம் நடக்கக்கூட மாட்டாங்க.

தெரியும் மேடம். ரொம்ப லேட்டா வந்ததுனாலதான் அவங்க செத்தாங்க, மிஷினால இல்ல. பகல்ல எனக்கும் தெரியுது. நானும் சயின்ஸ் படிச்சவதான். பொழுது சாஞ்சா அந்தப் படிப்பு எங்க போவுதுன்னு தெரியல.

இவரு ஒரே வார்த்ததான் சொன்னாரு. அது நம்ம வாசப்படி ஏறுச்சின்னா நான் எறங்கிடுவேன் செல்வின்னாரு.

அய்யோ, டீ ஆறுது. குடிங்க.

பாப்பா தூங்குறா. நாலு வயசு முடியப்போவுது. அவளுக்கு அந்தக் கிளிப்பு மேல அப்பிடி ஒரு ஆச, உள்ள செவப்பு லைட்டு எரியுதுல்ல. ஒரு நாளு அவரு நடந்துட்டு வந்து மூச்சு வாங்கிக்கினு உக்காந்தாரு. எண்பத்தி மூணு. நான் பேனாவ வச்சிக்கினு எழுதாம நிக்கிறேன். இவ வந்து புடுங்கித் தன் வெரல்ல மாட்டிக்கினா. தொண்ணூத்தெட்டு. கண்ணத் தொறந்து அவரு எவ்ளோன்னு கேட்டாரு, நான் தொண்ணூத்தெட்டுன்னுட்டேன். அவருக்கு எது யாரு வெரல்னு தெரியல. மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சி மேடம். கல்யாணத்துல பாத்த மொகம்.

அதுலேர்ந்து நல்லாத்தான் செய்யிறாரு. நோட்டப் பாத்துட்டு நீங்க ரெண்டு கல்லு வைக்கச் சொன்னீங்கல்ல, அவரு மூணு வச்சிருக்காரு. கைக்கு ஒரு லிட்டரு தண்ணி பாட்டில் தூக்கச் சொன்னீங்க. தண்ணி லேசா இருக்குதாம். அதுல கிரஷர் மண்ண ரொப்பி வச்சிக்கினு தூக்குறாரு. எந்த மண்ணு உள்ள போயி நெஞ்சு கல்லாச்சோ, அதே மண்ணு. நான் சொன்னா, நம்பரு நல்லாருக்குதுல்ல, நீ ஏன் பேஜாரு பண்றன்னு கேப்பாரு. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்குது. ராத்திரி படுக்க முடியாம உக்காந்துக்கினே தூங்குறாரு. காலையில கேட்டா, மூச்சு வாங்குறது பத்துக்கு ரெண்டுன்னு எழுதும்பாரு.

நீங்க தப்பா எதுவும் சொல்லிக் குடுக்கல மேடம். ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. வராண்டாவுல எத்தினி பேரு தேறுனத நானே பாத்தேன். அந்தப் பீடித் தாத்தா இப்ப மார்க்கெட்டுக்கு நடந்தே போறாராமே.

நேத்து என்னா பண்ணாருன்னா, இந்த நோட்ட எடுத்துக்கினு போயி மேஸ்திரி குமரேசன் ஆண்ட காட்டிட்டு வந்துட்டாரு. பாரு, ஆஸ்பத்திரி நோட்டு, தொண்ணூத்தேழு, நான் தேறிட்டேன்னு. அவரும் பாத்துட்டு, சரி, திங்கக்கெழம ஓட்ட போடுற மெஷினுக்கு வந்துடுன்னுட்டாரு. மறுபடியும் அதே குழிக்கு, அதே தூசிக்கு. இன்னைக்கி வெள்ளி. புதுசா ஒரு துண்டு வாங்கியாந்து வச்சிருக்காரு, மூக்குல கட்டிக்க. துண்டு மேடம்.

அதான் நீங்க வந்து நின்னதும் தொரத்தவும் மனசு வரல, உள்ள கூப்புடவும் மனசு வரல.

கிளிப்ப எடுக்குறீங்களா? எடுங்க, ஒங்களுதுலயே பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்த நோட்டுல கடைசிப் பக்கத்தப் பொரட்டுங்க. பென்சில்ல எழுதியிருக்கேன், லைட்டாண்ட வச்சாத் தெரியும். அதான் அவரு நம்பரு. எண்பத்தி மூணு, எண்பத்தி ரெண்டு, எண்பது. நேத்து எழுபத்தெட்டு. இன்னைக்கிச் சாயங்காலம் எழுபத்தி நாலு. முன்னாடி பேனாவுல இருக்குறது எல்லாம் என்னுது. அவரு கண்ண மூடி ஊதிக்கினு இருக்கும்போது கழட்டி என் வெரல்ல மாட்டிக்குவேன். எனக்கு எப்பவும் தொண்ணூத்தேழுதான் மேடம், நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஏன் அப்பிடி எந்திரிக்கிறீங்க? என்னா, எனக்குப் பின்னாடி யாரப் பாக்குறீங்க?

ஏங்க. நீங்க எப்ப வந்து நின்னீங்க?

இல்லீங்க, மேடம் சும்மாதான் வந்தாங்க. நான் சொன்னது, அது வந்து... உக்காருங்க மொதல்ல. வேர்த்துக் கொட்டுது பாருங்க. ஏங்க, திரும்பிப் போவாதீங்க. மிஷின் வேணாங்க, யாரும் எடுத்துக்கினு வரல, நான் மாதா மேல சத்தியமா சொல்றேன். ஏங்க!

மேடம், ஜல்தி வாங்க, கதவத் தள்ளுங்க என்னோட. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருசம், இந்த ரூம் கதவ ஒரு நாளு ஒருத்தரும் சாத்துனதில்ல. உள்ளேர்ந்து தாழ்ப்பா போட்டுக்கினாரு.