இரண்டாவது சாட்சி

– "கார் ஓய்ந்தது, கூதிரும் கழிந்தது. இலைநுனியில் நிற்கும் நீர்த்துளி, விழுவதா வேண்டாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும் முன்பனிக் காலம் இது. வெயில் வருகிறது, அழையாத விருந்தாளியைப் போல வாசலிலேயே நின்று திரும்பிவிடுகிறது. இத்தகைய ஒரு நாளில்தான், அவையோரே, வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தி ஒருத்தி தெருவில் இறங்கினாள். ஐம்பது ஆண்டுகள்..."

– நல்லா இருக்கு மகராசி. நாளைக்கு விழாவுல பேசறதுக்கா?

– யாரும்மா நீ? கதவை உள்பக்கம் தாழ் போட்டிருந்தேனே.

– தாழெல்லாம் பட்டியல்ல பேர் இருக்கிறவங்களுக்கு. என்னை எந்தக் கதவும் யாருன்னு கேட்கறதில்லை.

– தனியாவா வந்தே?

– கூட ஒருத்தி வந்திருக்கா. வாசல்ல நிக்கிறா. கூச்சக்காரி. யாரும் அவளைக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

– சரி, உட்காரு. மனுன்னா இப்பல்லாம் சங்க அலுவலகத்துல கொடுக்கணும். எனக்கு எண்பது ஆயிடுச்சு. உனக்கு என்ன, முப்பத்தஞ்சு இருக்குமா?

– பட்டியல்படி முப்பத்தாறு. பொறந்த நாள்லேருந்து எண்ணினா உங்களைவிட ஆறு வயசு மூத்தவ.

– விளையாடாதே.

– அலமாரி மேல்தட்டுல சிவப்பு அட்டை நோட்டு இருக்கே, அதை எடுங்க. பழைய ஆலைத் தெரு, பதினேழாம் எண் வீடு.

– இது நாளைக்கு ஆவணக் காப்பகத்துக்குப் போகுது. எனக்குன்னு பிள்ளையா குட்டியா, இந்த நோட்டுதான்.

– கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டிடுவாங்க. அதான் இன்னைக்கே வந்தேன். படிங்க.

– "பெண். தையல் தொழில். வயது முப்பத்தாறு. இறந்துவிட்டார்." என் எழுத்துதான். அதுக்கென்ன?

– அந்தத் தையற்காரி நான்தான்.

– இங்கே பாரும்மா. செத்தவங்க வரிசையில வந்து ஓட்டுப் போட்டுக்கிட்டிருந்த காலம் அது. வீடு வீடா ஏறி நாலாயிரம் பேரை நீக்கினேன். ஒரு பிழையும் இல்லைன்னு அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கு. அதுக்குத்தான் நாளைய விழாவே.

– செத்தவங்க ஓட்டுப் போட்டதுக்கு உங்களுக்குக் கோவம் வந்துச்சு, சரி. உசிரோட இருக்கிறவ போட முடியாம நின்னது காதுல விழலையா? அன்னைக்கு நல்ல மழை. புருஷனோட சண்டை. நீங்க கதவைத் தட்டி என் பேரைச் சொன்னீங்க. நான் உள்ளேருந்தே, "அவ செத்து மூணு நாளாச்சு, போங்க"ன்னேன். கோவத்துல எந்தப் பொம்பளை அப்படிச் சொன்னதில்லை? நீங்க நின்ன வாக்குலயே எழுதிக்கிட்டுப் போயிட்டீங்க.

– அப்புறம்?

– அப்புறம் ஒண்ணுமே நடக்கலை. அதுதான் தொல்லை. ஒரு தடவை போனவ இன்னொரு தடவை போக முடியாதாம். என் மூத்த மகனுக்குத் தலை நரைச்சுது, பல்லு விழுந்துது, போன மாசம் போய்ச் சேர்ந்தான். பக்கத்துல உட்கார்ந்து அழுத என்னைக் காட்டி, இது பேத்தியான்னு கேட்டாங்க.

– பெருமானே.

– எனக்கு அவன்கிட்டப் போகணும். அதுக்கு மொதல்ல நான் உசிரோட இருக்கேன்னு எழுதணும். நீங்க கொண்டுவந்த விதிதானே?

– "நீக்கிய கையே, பிழை என்று எழுதிச் சேர்க்க வேண்டும்." ஆமா. அதிகாரிங்க தப்பை மூடி மறைக்கக் கூடாதுன்னு பதினோரு வருஷம் போராடி வாங்கினது.

– எழுதுங்க.

– எழுதினா நாளைக்கு எனக்கு மேடை இல்லை.

– மேடை இல்லாட்டி தரையில நில்லுங்க. நான் நிக்கலையா?

– அது மட்டும்னா எழுதிடுவேன். நீங்க... உங்களை இனிமே நீன்னு சொல்ல வாய் வரலைம்மா. ஒரு சாவுக்கு ரெண்டு சாட்சி வேணும். உள்ளேருந்து வந்த குரல் ஒண்ணு. ரெண்டாவதுக்கு அக்கம்பக்கம் தட்டியிருக்கணும். மழை. காலெல்லாம் சேறு. இதோ, இந்த வரியைப் பாருங்க.

– "பக்கத்து வீட்டுக்காரி, வயது இருபத்திரண்டு." கையெழுத்தும் இருக்கே.

– அப்படி ஒருத்தியே கிடையாது. பேர், வயசு எல்லாம் நான் உண்டாக்கினது. இடது கையால நானே கையெழுத்துப் போட்டேன். ஊரையே திருத்தினவ, இந்த ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்ததில்லை.

– தெரியும்.

– எப்படித் தெரியும்?

– எழுதுங்க மகராசி. வெளிச்சம் போகுது.

– "நான் பிழை செய்தேன். இவர் உயிரோடு இருக்கிறார். இரண்டாம் சாட்சி நான் புனைந்தது." போதுமா? கையெழுத்தும் போட்டாச்சு... அம்மா, உங்க தலை.

– நரைக்குதா?

– நெத்தி ஓரத்துலேருந்து, பனி இறங்கற மாதிரி.

– அப்பாடா. முட்டி வலிக்குது. வலியைப் பார்த்து எத்தனை காலமாச்சு. அங்கே என்ன, தரையில உட்கார்ந்துட்டீங்க?

– நோட்டைக் கண்ணுல ஒத்திக்கறேன். தினமும் விடியறப்ப துதி பாடற வாய்தான் இது. இத்தனை நாள் வாய் மட்டும்தான் பாடியிருக்கு.

– போதும், எழுந்திருங்க. நான் வரேன். வாசல்ல நிக்கிறவளை உள்ளே அனுப்பறேன். இன்னும் இருபத்திரண்டுதான் அவளுக்கு. அம்மான்னு யாரைக் கூப்பிடறதுன்னு ஐம்பது வருஷமா என்னையே கேட்டுக்கிட்டிருந்தா. பிள்ளையோட நல்லா இருங்க மகராசி.