நிரம்பாத குழி

சூரியன் விழுந்த நேரம். எகிப்தின் கெனா நகருக்குத் தெற்கே, கரும்புக் காட்டுக்கும் நைலுக்கும் நடுவே ஒரு மண்சாலை... ஆள் நடமாட்டமே இல்லை. அதில் ஜீப்பை விரட்டிக்கொண்டு வந்தார் வஹீப். என் நண்பன் ரிஃபத்தின் தாய்மாமன். பாலம் கட்டும் இன்ஜினியர்.

ஆற்று நடுவில் நிற்கவேண்டிய தூணுக்கு அன்று அஸ்திவாரம். படுகையை ஆழத் துளைத்து, இரும்புக் குழாய் இறக்கி, கரையில் நின்ற லாரிகளிலிருந்து பம்பு வழியே கான்கிரீட் கொட்டினார்கள். காலையிலிருந்து கொட்டினார்கள்... நிரம்பவில்லை. பக்கத்திலேயே போட்ட ஒரு குழி முன்பே பாழாகியிருந்தது. இதுவும் போனால் வஹீபின் வேலையும் போகும்.

ஆற்று நடுவே வேலை நடக்கும் மிதவையில் ஏறியதும் மேஸ்திரி ஷஹ்ஹாத் மீது பாய்ந்தார்.

“லாரி லாரியா எங்கய்யா போகுது? குடிக்கிறீங்களா?”

“நீங்களே கயிறு விட்டுப் பாருங்க சார். காலைல நின்ன மட்டத்துலயே நிக்குது.”

குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்தார். உண்மைதான். ஆற்றுக்குள் ஒழுகுகிறதோ என்று முக்குளிக்கும் பகீத்தை இறக்கினார்கள். அவன் குழாயைச் சுற்றித் தடவிவிட்டு மேலே வந்தான்.

“அடிமணல் கலையவே இல்ல சார். ஒரு சொட்டு வெளிய வரல. இதுக்கு நான் வேண்டாம், மந்திரவாதியக் கூப்பிடுங்க.”

வஹீப் தலைக்கவசத்தைக் கழற்றி வீசினார். “கொட்டுங்க. கொட்டிக்கிட்டே இருங்க.”

லாரி மாற்ற, பம்பை நிறுத்தினார்கள். அப்போதுதான் கேட்டது. சரக்... சரக்... குழாயின் அடியிலிருந்து. ஈரச் சிமெண்டை ஏதோ சுரண்டும் சத்தம். சுண்ணாம்பு நெடியோடு, வெகுநாள் மூடிக்கிடந்த அறையின் வாடையும் மேலே வந்தது.

“யாரோ அள்ளி அள்ளி ஒதுக்குறாங்க சார்,” என்றார் ஷஹ்ஹாத், மெல்ல.

பயப்படக்கூட வஹீபுக்குத் தெம்பில்லை. நாள் முழுக்க அடக்கிய ஆத்திரம். குழாய் விளிம்பைப் பிடித்துக் குனிந்து கத்தினார்.

“போதும், விட்டுத் தொலைங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

சுரண்டல் நின்றது.

அடுத்த லாரியில் கான்கிரீட் விறுவிறுவென்று விளிம்புவரை ஏறியது. எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். வஹீப் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

சில வாரம் கழித்து, இறுகிய கான்கிரீட்டைச் சோதிக்க நடுவில் துளைத்து, தண்டு தண்டாக வெளியே எடுத்தார்கள். ஒரு தண்டு பாதியில் உடைந்தே வந்தது. வஹீப் தண்டின் உடைந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

நான்கு விரல்களின் தடம்... நகங்கள்கூடத் தெரிந்தன. அள்ளி ஒதுக்கிய விரல்கள் அல்ல; கீழேயிருந்து மேலே வரச் சுரண்டிய விரல்கள்.