வாலில்லாத ஆறு

"இம்புட்டு அழகா எழுதுறியே தாயி, படிப்ப ஏன் விட்ட?" என்று டிரைவர் கர்ணன் ஒருநாள் என்னைக் கேட்டார்.

அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நானும் பேசுகிறவள் இல்லை. தேனியில் எங்கள் கடைசல் பட்டறையில் எழுத்து வேலை என்னுடையது. அப்பா வேலுச்சாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அளவு சொல்ல, நான் சீட்டில் தமிழ் எண்ணில் எழுதுவேன். கடைசல்காரர் பலவேசம் சீட்டில் உள்ளபடி கடைவார். சாமியே வந்து வேறு அளவு சொன்னாலும் கேட்கமாட்டார்.

முப்பத்தெட்டாம் வருடம் ஏலக்காய் வியாபாரி ஞானசிகாமணியின் பழைய கார் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தோம். அவருடைய டிரைவர்தான் கர்ணன். வேலை நடந்த இருபத்திரண்டு நாளும் வந்து, டயர்மேல் உட்கார்ந்து குமுளிக் கதைகள் சொன்னார். பாதி மலையாளம். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. "நம்ம கை பட்ட எஞ்சின் அஞ்சு வருசத்துக்கு இங்கன திரும்பாது" என்பார். ஐந்து வருடம் எனக்கு அதிகமாகத் தோன்றியது.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஆறு தௌ இடைவெளி என்றார் அப்பா. ஒரு தலைமுடியை மூன்றாகப் பிளந்தால் ஒரு தௌ. தமிழில் ஆறு என்பது நாலுக்கு வால் வைத்த மாதிரி இருக்கும்: ௪, ௬. நான் வாலை மட்டும் போடவில்லை. ஒரு முடியளவுகூட இல்லாத விஷயம்.

சூட்டில் பிஸ்டன் பருக்கும், இடம் போதாமல் இறுகும். சின்னமனூர்ப் பக்கம் சமதரையில் வண்டி நிற்கும், மாடு கட்டி இழுத்து வருவார்கள், மறுபடி இருபது நாள் என்று நினைத்தேன். ஆனால் பலவேசத்தின் கைவேலை அத்தனை சுத்தம். குமுளி மலையில் பாதி ஏறும்வரை தாங்கிவிட்டது. அங்கே இறுகி, வண்டி பின்னால் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. மலைக்காற்று பிடிக்கும் என்று முதலாளியோடு அவர் மனைவி கிருபாவதி அம்மாளும் போயிருந்தாராம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதலாளியையும் அம்மாளையும் ஒன்றாகவே அடக்கம் செய்தார்கள். கர்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காத குற்றம் என்று அவர்மேல் வழக்கும் போட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, நான் நினைத்தபடியே, அவர் பட்டறைக்கு வந்தார்.

"தண்ணி பாத்தேண்ணே. வேலையில எதும் கொற இருந்துச்சா?"

"அளவு தப்பாது கர்ணா. எம் மக எழுதுனது" என்றார் அப்பா.

கர்ணன் என்னைப் பார்த்தார். அவரைச் சிறைக்கு விட எனக்கு மனமில்லை. நான் ஒளித்து எழுதும் நோட்டை எடுத்து, சீட்டு எழுதிய அன்றைய பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். 'அப்பா சொன்னது ௬. நான் எழுதியது ௪. அவர் திரும்பி வருவார்.'

இரண்டு முறை படித்தார். நோட்டை மடக்கி இடுப்பில் செருகி, கட்டையை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

இதை அடுத்த நோட்டில் எழுதுகிறேன். அவர் கொண்டுபோனது இரவல் நோட்டு அல்லவா, திருப்பித் தர வந்துதானே ஆகவேண்டும்.