ரகசிய ரூம் இதுதான் சார்

...ஒரு ஈ காக்கா வரலை சார்! காலையிலேருந்து இந்த ஸ்டூல்ல உக்காந்து உக்காந்து இடுப்பே ஒடிஞ்சு போச்சு. உங்களுக்கு யாரைப் பாக்கணும்? என்னது? கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன், இப்படி மென்னு முழுங்கினா ஆபீஸ் ஆயா எனக்கு என்ன புரியும்? முதல்ல அந்த ஹெல்மெட்டைக் கழட்டுங்க. ஸ்கூலுக்குள்ள கல்லு மழையா பெய்யுது? ...ஓ, கவுன்சிலிங் மேடத்தையா! வாங்க வாங்க, ரகசிய ரூம் இதுதான். மேடம் உள்ள போன்ல இருக்காங்க, இப்ப முடிச்சுடுவாங்க. உக்காருங்க. அட, ஏன் சார் சுவரைப் பாத்து உக்கார்றீங்க?

எந்தப் புள்ளைக்காவது போதைப் பழக்கம் ஒட்டிக்கிச்சான்னு ஆரம்பத்துலயே பாத்து, கை கொடுத்துத் தூக்கி விடணும்னு ஒரு திட்டம். அதுக்கு எத்தனை மீட்டிங்குங்கறீங்க! அத்தனைக்கும் டீ தூக்கினது நான்தான். டிரில் மாஸ்டர் இருக்காரே, அவரு கேட்லயே நிக்க வச்சு ஒவ்வொருத்தனையும் வாயை ஊதச் சொல்லணும்னாரு. மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? "சரி சார், முதல்ல நீங்க ஊதிக் காட்டுங்க"ன்னாங்க! பொட்டிக்கடைப் பக்கம் அவரு புகை விடுறது ஊருக்கே தெரியுமே!

எல்லாப் புள்ளைங்ககிட்டயும் தனித்தனியா, ஒரே மாதிரிதான் கேக்கணும், யாரையும் ஸ்கூலை விட்டுத் துரத்தக் கூடாது, பெத்தவங்களும் பயப்படாம வந்து பேசணும்னு மேடம் ஒத்தக் கால்ல நின்னாங்க. ஹெட்மாஸ்டர், "சரிம்மா, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம், பெத்தவங்க ஒருத்தர்கூட வரலைன்னா மூட்டை கட்டிடலாம்"னுட்டாரு. இன்னிக்குத்தான் சார் அந்த வெள்ளிக்கிழமை!

இதுல என் மானம் போன கதை வேற. முதல் மீட்டிங்லயே ஸ்கிரீனிங், ஸ்கிரீனிங்னு பேசிக்கிட்டாங்க; புள்ளைங்களை ஆரம்பத்துலயே கேட்டுக் கண்டுபிடிக்கறதுக்குத்தான் அந்தப் பேராம். ஸ்கிரீன்னா எனக்கு ஜன்னல்ல மாட்டுறதுதானே தெரியும்? பச்சைத் துணி வாங்கி, ராவோட ராவா தச்சு, இந்தக் கண்ணாடிக் கதவுல மாட்டிட்டேன். டிரில் மாஸ்டர் சிரிச்ச சிரிப்பு இருக்கே... அப்பப்பா! மேடம் மட்டும், "அக்கா, முதல்ல வேண்டியது இதுதான்"னாங்க. சும்மா சமாதானத்துக்குச் சொல்றாங்கன்னு எனக்கு ரோஷம் வந்துடுச்சு. கழட்டி வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டேன். இப்பப் பாருங்க, உள்ள உக்காந்திருக்கறவங்க யாருன்னு தண்ணிக் குழாய்கிட்ட நிக்கற பசங்களுக்கெல்லாம் பளிச்சுனு தெரியுது. நல்லா வேணும்!

ஆனா ஒண்ணு சார், ரகசியம்னா ரகசியம். கழுத்தை அறுத்தாலும் என் வாயிலேருந்து வராது. நேத்துகூட ஒரு அம்மா வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனாங்க. யாருன்னு சொல்லுவேனா? மாட்டேன். தையல் கடை மாடி வீடு, அவ்வளவுதான் சொல்லுவேன்.

அப்பாடா, ஹெல்மெட்டைக் கழட்டினீங்களா! ...அட, நீங்க நம்ம கோல்கீப்பர் பையனோட அப்பா இல்ல? அவனுக்கு என்ன சார்? ...ராத்திரியெல்லாம் தூங்கறதில்லையா? என்ன மாத்திரை? அவன் பையிலயா? ...ஐயையோ. சார்... சார், அழாதீங்க. தங்கமான புள்ளையாச்சே, பாத்தா "ஆயா சாப்டியா"ன்னு கேக்காம போக மாட்டானே! நீங்க வந்தீங்களே, அதுவே போதும். மேடம் கையில விட்டுட்டா சரி பண்ணிடுவாங்க.

ஏ கணக்கு டீச்சர்! டீச்சரம்மா! இங்க வாங்களேன் சீக்கிரம்! நம்ம கோல்கீப்பர் அப்பா வந்திருக்காரு! பாவம், ரொம்ப ஒடிஞ்சு போயிட்டாரு, நீங்களும் ரெண்டு வார்த்தை ஆறுதலா... டேய் பசங்களா, உங்களுக்கென்னடா இங்க வேடிக்கை? குழாய்ப் பக்கம் போங்கடா!

சார்? எங்க எந்திரிச்சிட்டீங்க? ...பைக்கை வழியில நிறுத்திட்டீங்களா? இருங்க, போன் பேசி முடிச்சாச்சு, கதவு திறக்குது பாருங்க! சார்! ஏன் திரும்பவும் ஹெல்மெட்டை... சார்! கோல்கீப்பர் அப்பா!

போயிட்டாரு.

...இல்லைங்க மேடம். இன்னிக்கும் யாரும் நிலைச்சு உக்காரலை. நான் என்னதான் பண்ணட்டும்? வர்றவங்களை நானும் தொண்டை கிழியக் கூப்பிட்டுத்தான் பாக்கறேன்.