பாலத்தில் கூடிய அரை அங்குலம்

பருத்தித்துறை போகும் பஸ்ஸில் என் பின்சீட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"இந்த மனுசன் சொன்ன பொய்யாலை ரெயில் பாலம் பொருந்தேல்லை, அக்கா!"

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் திகைத்துப்போனாள். "எந்தப் பாலம், பிள்ளை?"

"எங்கடை வீட்டு வளவுக்கை ஓடுற குட்டி ரெயிலுக்குத்தான். இரண்டு பாதை வந்து சேருற உண்மையான சந்திப் பாலம் ஒண்டைப் பாத்து, அச்சொட்டாய் அதே மாதிரிச் சின்னதாய்ச் செய்யிறம். நேரை போய்ப் படம் எடுத்தம். ஒரு தூணோடை நான் நிண்டன், மற்றத் தூணோடை இவர். ஆளின்ரை உயரத்தை வைச்சுத்தான் தூணின்ரை உயரத்தைக் கணக்குப் பாத்தம்."

"பிறகு?"

"செய்து வைச்சால் இவரின்ரை பக்கம் அரை அங்குலம் உயர நிக்குது! ஒரு கிழமையாய் மண்டையை உடைச்சுக்கொண்டிருந்தன். இண்டைக்குக் காலமை இவரைக் கதவு நிலையோடை நிப்பாட்டி அளந்தன். அஞ்சடி எட்டு எண்டவர், அஞ்சடி அஞ்சுதான்! கண்டுபிடிச்சிட்டன், அக்கா! தூணை வெட்டினால் பின்னேரமே ரெயில் ஓடும்!"

என் பக்கத்தில் இருந்த மனிதர் திரும்பாமலே சொன்னார்:

"நான் சப்பாத்தோடை சொன்னனான்."

"படத்திலை வெறுங்காலோடை எல்லோ நிக்கிறியள்!"

புத்தூரில் மனைவியோடு இறங்கும்போது அவர், பஸ் வாசலில் தலை இடித்துவிடும் என்பதுபோல் நன்றாகக் குனிந்து இறங்கினார்.