திரும்பி நிற்கச் சொன்னாள்

பூட்ஸ் காலோடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் பழக்கம் எனக்கு இல்லை. சோதனைக்குப் போனாலும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். கான்ஸ்டபிள்கள் மறைவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சாமி படம் மாட்டி, அடுப்பெரிகிற இடத்துக்கு ஒரு மரியாதை உண்டு. சப்-இன்ஸ்பெக்டர் தனசேகரன் வரைமுறை தெரியாதவன் என்று உங்களிடம் யார் சொல்லியிருந்தாலும், அவர் என்னோடு ஒரு நாளும் வேலை பார்த்தவர் இல்லை.

வாரண்ட் இல்லாமல் எப்படிப் போனாய் என்று கேட்கிறீர்கள். எண்பத்தேழு செப்டம்பரில் இந்தப் பக்கம் ரோடு கிடந்த கிடை உங்களுக்குத் தெரியாததா? இடஒதுக்கீடு கேட்டு மறியல். நிழலுக்கு நின்ற புளியமரங்களையெல்லாம் வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். என் ஸ்டேஷன் மலையடிவாரத்தில். வாரண்ட் தருகிற மாஜிஸ்திரேட் கள்ளக்குறிச்சியில். வழியை அடைத்ததும் அவர்கள், வாரண்ட் எங்கே என்று கேட்பதும் அவர்கள் என்றால் நான் பறந்தா போக முடியும்?

சட்டமும் அப்படி முட்டாள்தனமாக இல்லை. தாமதித்தால் பொருள் கைமாறிவிடும் என்று அதிகாரி நம்பினால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு வாரண்ட் இல்லாமலே தேடலாம். எழுதினேன். அக்கம்பக்கத்துச் சாட்சிகள் வேண்டும். ஊரில் ஆம்பிளைகள் கைதுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். ஸ்டேஷன் எதிரில் டீக்கடை வைத்திருக்கும் கந்தசாமியையும் அவர் மச்சானையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வண்டிப்பாதை வழியாகப் போனேன். கரியாலூர் பக்கம் மலையில் சாராய ஊறல் உடைத்த காலத்தில் எத்தனையோ குடிசைக்குள் புகுந்து தேடியிருக்கிறேன். அப்போது ஒருவரும் வாரண்ட் கேட்டதில்லை, எந்த விசாரணையும் வந்ததில்லை. கீழே நிலம் நீச்சு உள்ளவர்கள் வீட்டுக்குப் போனதும் எல்லோருக்கும் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது.

தேடிப்போன பொருள் ஒரு துப்பாக்கி. மறியலில் கல் விழுந்து கான்ஸ்டபிள் பிச்சைமுத்து கீழே சாய்ந்தான். எழுந்தபோது கையில் துப்பாக்கி இல்லை. பிடுங்கிக்கொண்டு ஓடியவன் செல்லமுத்து. அவன் தன் அக்கா கொளஞ்சியம்மாள் வீட்டுப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. குண்டு போட்ட துப்பாக்கி, கொதித்துக்கொண்டிருக்கிற ஊர். அது யார் கையிலாவது வெடித்திருந்தால் இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஏன் தேடவில்லை என்று கேட்டிருப்பீர்கள்.

மத்தியானம் போனோம். வீட்டில் மூலை முடுக்கெல்லாம் பார்த்தாயிற்று. நெல் மூட்டையைக்கூடப் பிரித்துப் பார்த்து மறுபடி கட்டி வைத்தோம். ஒன்றும் இல்லை. பாக்கி இருந்தது தோட்டத்து ஓரத்தில் ஒரு ஓலைக் குடிசை.

அது என்ன குடிசை என்று பார்த்ததுமே தெரிந்தது. கொளஞ்சியம்மாளின் மகள் வயதுக்கு வந்திருந்தாள். தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டி, அதில் பெண்ணை உட்காரவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சடங்கு முடிகிறவரை ஆம்பிளை கண்ணில் படக்கூடாது. முடிந்ததும் குடிசையை அவர்களே கொளுத்திவிடுவார்கள். இந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் யார்? செல்லமுத்து. குடிசையைக் கட்டினவனே அவன். எந்த ஆம்பிளையும் எட்டிப் பார்க்காத இடம். துப்பாக்கியை ஒளிக்க நானாக இருந்தாலும் அங்கேதான் ஒளித்திருப்பேன்.

கொளஞ்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, எம் பொண்ணு உள்ள குந்திகினு இருக்குதுங்க. நீங்கல்லாம் கொஞ்சம் அந்தாண்ட திரும்பி நில்லுங்க, அது வூட்டுக்குள்ள போயிடும். அப்பறம் நீங்க பூந்து இன்னா வேணாலும் தேடிக்கங்க."

"நாங்க திரும்புனா சாமான் வேலிய தாண்டிடும்மா" என்றேன்.

"அப்ப நான் போயி போர்வ போட்டு இட்டுகினு வரேன்."

"போர்வைக்குள்ள இன்னா இருக்குன்னு நான் எப்படிப் பாக்கறது?"

வேலிக்குப் பின்னால் கரும்பு, ஆள் உயரத்துக்கு. அங்கே ஒருத்தனை நிறுத்தினால் கரும்புக்குள்ளிருந்து அரிவாள் வரும். பெண் போலீஸ் கேட்டால் வெளியூரிலிருந்து வரவேண்டும், ரோட்டில் மரம். பிச்சைமுத்து என் பக்கத்தில் வந்து நின்று, "ஐயா, திரும்பி நின்னுடலாங்க. துப்பாக்கி போனா எம் வேலதான போவும்" என்றான். போகிறது அவன் வேலை மட்டுமா? ஸ்டேஷன் துப்பாக்கியைப் பறிகொடுத்தவன் என்று என் பெயரையும் சேர்த்துத்தானே சொல்வார்கள். வாயை மூடு என்றேன்.

பெண்கள் இருக்கும் இடத்தில் தேடுவதாக இருந்தால் அவர்கள் விலகிக்கொள்ள அவகாசம் தர வேண்டும். தந்தேன். சத்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். குடிசைக்குள் இருந்த பெண் வெளியே வரவில்லை. உள்ளே போய் இழுத்துவர என்னால் முடியாது. அது முறையில்லை.

அதனால் கொளுத்தினேன். தீக்குச்சியை நான்தான் கிழித்தேன், கான்ஸ்டபிள்களை இதில் இழுக்காதீர்கள். எப்படியும் எரிக்கப்போகிற குடிசை. ஓலை எரியும், துப்பாக்கி இரும்பு எரியாது. பெண்ணும் சூடு தாங்காமல் தானாக வெளியே வந்துவிடுவாள். தாய்க்காரியை ஆம்பிளை போலீஸ் தொடக்கூடாது என்பதால், அவளை வீட்டுக்குள் போகச் சொல்லிக் கதவை வெளியே தாழ் போடச் செய்தேன்.

பச்சை ஓலை என்று பேர்தான், அதற்குள் காய்ந்து சருகாகிவிட்டது. சீக்கிரம் பிடித்தது.

யாராக இருந்தாலும் வெளியே வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன் என்று முதல் விசாரணையில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். என் தங்கையை இப்படி உட்காரவைத்திருந்தபோது குடிசைக்குள் பாம்பு வந்தது. வெளியே மாமன்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகிறவரை வாயைப் பொத்திக்கொண்டு பாம்போடு உள்ளேயே இருந்தாள். அப்படி வளர்க்கிறோம். எனக்குத் தெரியாததில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து கொளஞ்சியம்மாள் கத்தினாள். "செல்வி, வெளிய வந்துடுடி. யாரு பாத்தா இன்னா, வந்துடுடி." அப்போதுதான் அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரிந்தது. செந்தமிழ்ச்செல்வி.

வந்தாள். அம்மா சொன்னதும் குடிசை வாசலுக்கு வந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். விரல் இடுக்கு வழியாக எங்களைப் பார்த்தாள். நாங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம், அவளையே பார்த்துக்கொண்டு. பிச்சைமுத்து மட்டும் திரும்பிவிட்டான். அவள் மறுபடி உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை.

துப்பாக்கி மறுநாள் ஒரு பாசனக் கிணற்றில் கிடைத்தது. குடிசையில் அது இருக்கவே இல்லை. குடிசையில் இல்லை என்பது கிணறு இறைத்தபோதுதான் தெரிந்தது என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது, அதுவும் சரியில்லை. அவள் வாசலில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நெருப்பு வெளிச்சத்தில் உள்ளே மொத்தமும் தெரிந்தது. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. வேறு எதுவும் இல்லை.

அப்போதுகூட நேரம் இருந்தது. திரும்பி நில்லுங்கடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைத்தானே அந்தப் பொம்பளை முதலிலேயே சொன்னாள். என் ஆட்கள் முன்னால், டீக்கடைக்காரன் முன்னால், அவள் சொன்னதை நான் கேட்டுத் திரும்பினேன் என்று ஆகியிருக்கும். நான் திரும்பவில்லை. இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள், நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.