கழுதைப் பாட்டில் ஓர் இருமல்

ஒர்லீனா: அங்க வைக்காதீங்க சார்!

வெண்டல்: ஏம்மா? பேட்டரிதான். இந்தப் பெட்டி மேல வச்சாத்தான் கம்பி எட்டும்...

ஹெட்டி: அதுல கோழி அடைகாக்குது சார்.

வெண்டல்: கோழி அதோ வாசல்ல மேயுதே.

ஒர்லீனா: அது... சும்மா காத்து வாங்கப் போயிருக்கு. இப்ப வந்துரும்.

ஹெட்டி: போர்வைய இழுக்காதீங்க சார், முட்டைக்குக் குளிரும்.

வெண்டல்: சரி சரி, தரையிலயே வைக்கிறேன். அக்காவும் தங்கச்சியும் இந்த மைக்குக்கு முன்னாடி வாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இந்தக் கென்டக்கி மலை முழுக்கச் சுத்தி நான் தேடறது பழைய பாட்டு. எந்த ரெக்கார்டுலயும் வராத பாட்டு. அதத்தான் வாஷிங்டன் நூலகத்துல எடுத்து வைப்பாங்க. பாட்டைப் பதியறதுக்கு இன்னும் வெட்டாத இசைத்தட்டு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்.

ஹெட்டி: ஒண்ணுதானா? ஓடைக்கு அந்தப் பக்கம் டாக்கெட் வீட்டம்மாவுக்கு மட்டும் மூணு தட்டாமே?

ஒர்லீனா: மூணு! ஞாயித்துக்கிழம சர்ச்சுல என் முன்னாடி உக்காந்துக்கிட்டு, மூணு விரலை விரிச்சு விரிச்சுக் காதைச் சொறியறா சார்.

வெண்டல்: உங்க பாட்டு ரெக்கார்டுல வந்ததா இருந்தா, இந்தத் தட்டும் அவங்களுக்குத்தான் போகும்.

ஒர்லீனா: ஐயோ சார்! இது எங்க கொள்ளுத்தாத்தா கடல் தாண்டிக் கொண்டு வந்த பாட்டு.

ஹெட்டி: நீந்தியே வந்தாரு சார்.

ஒர்லீனா: கப்பல்ல வந்தாருடி.

ஹெட்டி: கப்பலுக்குள்ளயே நீந்தி வந்தாரு.

வெண்டல்: ...சரி. முதல்ல ஒரு ஒத்திகை. தட்டை வீணாக்க முடியாது. பாடுங்க.

இருவரும்: ஆத்துக்கு அந்தாண்ட போன மாப்பிள்ளை வரலையே... கோவேறு கழுத மட்டும் கரையேறி வந்ததே... அவர் தொப்பிய மாட்டிக்கிட்டு நிக்குது... நிக்குது... நிக்குது... நிக்குது...

வெண்டல்: அம்மா?

இருவரும்: நிக்குது... நிக்குது...

ஒர்லீனா: விரலால தள்ளுடி!

ஹெட்டி: இந்தா, தள்ளிட்டேன்.

இருவரும்: ...வாசலில! வெக்கமில்லாக் கழுதையே, என் மாப்பிள்ளை... க்ஹூம்! க்ஹூம்!... எங்கடி?

வெண்டல்: நிறுத்துங்க, நிறுத்துங்க. இப்ப எதைத் தள்ளுனீங்க?

ஹெட்டி: காத்தைத்தான் சார்.

ஒர்லீனா: கழுதைய சார். அது வாசல்லயே நின்னா பாட்டு எப்படி நகரும்?

வெண்டல்: அந்த இருமல்? தண்ணி வேணுமா?

ஒர்லீனா: வேணாம் சார், அது பாட்டுலயே உள்ளது. கல்யாணப் பொண்ணுக்குத் துக்கம் தொண்டைய அடைக்குது.

ஹெட்டி: கழுதைதான் சார் இருமுது. நனைஞ்சு வந்துச்சுல்ல.

ஒர்லீனா: ரெண்டும் இருமுது. அதான் ரெண்டு தடவ.

வெண்டல்: ஓகோ... மேல பாடுங்க.

இருவரும்: தொப்பிய மட்டும் தந்துட்டு... ஆஆத்தோஓட... போஓஓ... யிஇஇ...

வெண்டல்: ஏம்மா, குரல் ஏன் கிணத்துக்குள்ள இறங்குது?

ஒர்லீனா: சோகம் சார்.

வெண்டல்: தங்கச்சி ஏன் கையைச் சுத்தறாங்க?

ஹெட்டி: சோகம் ரொம்ப இறங்கிட்டா, இப்படிச் சுத்துனாத்தான் சார் மறுபடி ஏறும்.

வெண்டல்: அம்மா... சொன்னாத் தப்பா நினைக்க மாட்டீங்களே? டாக்கெட் அம்மாவும் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டுனாங்க.

ஹெட்டி: என்னது!

வெண்டல்: தட்டுல ஏத்தல. பாதியிலயே நிறுத்திட்டேன். ஆனா அந்த இடம் வந்ததும் இருமுனாங்க.

ஒர்லீனா: இருமுனாளா? எங்க இருமலையா?

வெண்டல்: கணீர்னு.

ஹெட்டி: அக்கா, அன்னிக்கு ஆப்பிள் கேக் தூக்கிட்டு வந்து இளிச்சாளே... அதுக்குத்தானா!

ஒர்லீனா: ஆமாடி! கேக்கைக் குடுத்துட்டு எங்க தட்டை இரவல் வாங்கிட்டுப் போனவதானே! திருப்பித் தரும்போது கழுத நிக்கிற இடத்துல இம்மாம்பெரிய கீறல்! கிராமபோன் ஊசி வேற...

ஹெட்டி: அக்கா.

ஒர்லீனா: சும்மா இருடி! ஊசி வேற அன்னியிலேருந்து அங்கயே மாட்டிக்கிட்டு...

ஹெட்டி: அக்கா. சார் இங்கதான் இருக்காரு.

வெண்டல்: கோழி இன்னும் வரலையே.

ஹெட்டி: வந்துரும் சார்...

ஒர்லீனா: போதும்டி. போர்வைய எடு. பாருங்க சார். கிராமபோன்தான். சாவி தளர்ந்தா குரல் இறங்கிரும், கைப்பிடியச் சுத்தி ஏத்தணும். பன்னியை வித்துத் தபால்ல வரவழைச்சோம், இந்தப் பாட்டும் கூடவே வந்துச்சு. உங்க தட்டை டாக்கெட்டுக்கே குடுத்துருங்க. இனிமே நாலு விரலால சொறியட்டும்.

வெண்டல்: நான் இன்னும் கிளம்பலையேம்மா. மைக் பக்கம் திரும்புங்க.

ஹெட்டி: ரெக்கார்டுல வந்த பாட்டுதானே சார்?

வெண்டல்: அந்த ரெக்கார்டுல 'நிக்குது' ஒரே தடவதான். குரல் கிணத்துல இறங்காது, கையைச் சுத்தி ஏத்தவும் மாட்டாங்க. அதெல்லாம் இந்த வீட்டுல முளைச்சது. இந்த மாதிரி ஒரு பாட்டு எந்த ரெக்கார்டுலயும் இல்ல.

ஒர்லீனா: டாக்கெட் பாடுனதுல?

வெண்டல்: அதுலயும் இல்ல.

ஒர்லீனா: கேட்டியாடி! அவளுக்குக் கழுதைய நிக்க வைக்கவே தெரியல!

வெண்டல்: ஆனா அந்த இருமலை மட்டும் விட்டுருங்க.

ஹெட்டி: அதை எப்படி சார் விடறது? பாட்டுல அதுதானே உசுரு! அதுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பேன். பாவம், யாரையோ பறிகொடுத்த மனுஷன்...

வெண்டல்: யாரையும் பறிகொடுக்கலம்மா. வெறும் ஜலதோஷம்.

ஹெட்டி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒர்லீனா: ஆமா... 'நிக்குது' ஒரு தடவதான்னு மட்டும் எப்படிச் சொன்னீங்க? தட்டை நீங்க இன்னும் போட்டுக்கூடப் பாக்கலையே?

வெண்டல்: அட்லாண்டாவுல ஒரு ஓட்டல் ரூம்ல அந்தத் தட்டை வெட்டும்போது மெஷின் பக்கத்துல நின்னவன் நான்தாம்மா. மூச்சுகூட விடாதேன்னு சொல்லியிருந்தாங்க, இருமித் தொலைச்சேன், சாயங்காலமே வேலை போச்சு... அதனால அந்த இடம் வந்ததும் நீங்க ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுச் சும்மா நில்லுங்க, நான் இருமறேன்.